ஆள் குடியிருக்கும் வீடு

ஒன்பது வாடகை வீடு மாறிய பிறகு, ஐம்பதாவது வயதில் கண்டக்டரம்மா சொந்தமாக வீடு வாங்கினாள். பஸ்ஸில் நின்றே சம்பாதித்த இரண்டு அறை. ஒரே ஒரு இடைஞ்சல், உள்ளே ஆள் குடியிருந்தார்கள். விற்றவர், "மாசக் கடைசில காலி பண்ணிடுவாங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். அவளுக்கும் அதுதான் கெடு. அவள் இருந்த வாடகை வீட்டுக்காரரின் மகன் குடும்பத்தோடு வருகிறான். ஒன்றாம் தேதி சாவி வேண்டுமாம். அவளோ தனிக்கட்டை. போய் ஒண்டிக்கொள்ள ஒரு அண்ணன் தம்பி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை, கறாராகப் பேசுவதென்று மனப்பாடம் செய்துகொண்டு போனாள். போனவள் தன் வீட்டு வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமாங்க?" என்றாள். வாடகைக்கு இருந்தே பழகிய புத்தி!

கதவைத் திறந்தவன் பெயின்டர். பாத்திரமெல்லாம் மூட்டைக்குள் போயிருந்தது. "நாளைக்குச் சுவருக்கும் பெயின்ட் அடிச்சுக் குடுத்துடறேன்க்கா." தரையில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி, மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தாள். நிறைமாத வயிறு. கையை ஊன்றியும் முடியவில்லை.

"உட்காரும்மா!"

தெருமுனை வரை கேட்டிருக்கும். இருபத்திரண்டு வருஷமாக, தூங்குவதுபோல் நடிக்கும் தடியன்களை எழுப்பிவிட்டு இப்படிப்பட்டவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்த குரல் அது. அந்த வாயாலேயே இவளை எழுந்து போ என்று சொல்வதா? கண்டக்டரம்மா பெயின்டர் பக்கம் திரும்பினாள்.

"போறதுக்கு இடம் பாத்தாச்சா தம்பி?"

"கைக்குழந்தை வரப்போகுதுன்னாலே வீடு இல்லேங்கிறாங்கக்கா."

"மூட்டையப் பிரி. தாயும் பிள்ளையும் தேறட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

தெருவில் இறங்கிய பிறகுதான் தன் கெடு நினைவுக்கு வந்தது. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள். மிஞ்ச இவளிடம் என்ன இருந்தது? தன்னைத் தானே திட்டிக்கொண்டே நடந்தாள். ஆனாலும் திரும்பிப் போய்ச் சொன்னதை மாற்ற மனம் வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"மாடில பழைய சாமான் கிடக்குற ரூமை மூணு மாசத்துக்குத் தருவீங்களா அண்ணே?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சொந்த வீடு வாங்கிட்டேன்னு தெருவுக்கே இனிப்பு குடுத்தீங்களேம்மா?"

"வாங்கிட்டேன் அண்ணே." அவளுக்கு ஏனோ வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. "என் வீட்ல குழந்தை பொறக்கப் போகுது."