அணைக்காத ஆட்டம்

பிப்ரவரி 11, செவ்வாய். அன்னவாசல் துணைமின் நிலையத்தில் வழக்கம்போல் பத்து மணிக்கு மீட்டர் அளவுகளைக் குறித்துவிட்டு, மறுநாள் பராமரிப்பு மின்தடைக்கான அறிவிப்பைக் கதவில் ஒட்டினேன். அதைப் படித்துவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். வெயிலே படாத முகம். பேசும்போதும் அவருடைய வலது கைவிரல்கள், அங்கே இல்லாத ஒரு கைப்பிடியை இடமும் வலமுமாகத் தள்ளிக்கொண்டே இருந்தன.

அவர் வீட்டில் காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று இருந்தது. சந்துசந்தாகப் பிரியும் பாதைகளில், துரத்துபவர்களிடம் மாட்டாமல் ஓடும் ஆட்டம். இறந்துபோன தம்பி எடுத்த ஸ்கோர் அதன் திரையில் நிற்கிறது. அணைத்தால் அழிந்துவிடும்.

"பழைய மெஷின் சேக்குறவங்க சென்னையிலருந்து வந்து கேட்டாங்க சார். பிளக்கைப் புடுங்காம எப்படிக் குடுக்குறது? இப்ப இன்வெர்ட்டர் பேட்டரியும் உப்பிப்போச்சு. புதுசு வர ரெண்டு நாளாகும். எங்க தெருவுக்கு மட்டும் கரண்ட் விட்டுருங்க."

"கம்பத்துல ஆளு இருப்பாங்கங்க."

"எனக்கும் உள்ள ஆளு இருக்கான் சார்" என்று சிரித்தார்.

போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"போட்டோவுக்குத்தான் மாலை போட்டாச்சே" என்றவர், சுவிட்சுகள் இருக்கும் அறையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ஒன்பதுக்கு மின்சாரத்தை நிறுத்தியபோது அவர் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். லைன் ஆட்களைக் கம்பத்தில் ஏற்றும் முன்பே, முதல் வேலையாக, அந்த அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.