மஞ்சள் மூடி

பெருந்துறைப் பக்கம் ஒரு நூல் மில். அதன் பெண்கள் விடுதிக்குத் தீ எச்சரிக்கைக் கருவிகளை மாட்டியவள் நான். விடுதிக்குள் ஆண்களை விடமாட்டார்கள். எங்கள் கம்பெனியில் ஏணி ஏறுகிற பெண் நான் ஒருத்திதான் என்பதால் மொத்த வேலையும் என் தலையில் விழுந்தது. சிங்காநல்லூரிலிருந்து காலையில் பஸ் ஏறி நான்கு நாள் போய் வந்தேன்.

கூரையில் மாட்டும் டிடெக்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. அதன் அடியில் இரண்டு குட்டித் திருகுகள் இருக்கும். ஒன்றை நாலிலும் மற்றதை ஏழிலும் வைத்தால் அது நாற்பத்தேழு. எல்லாவற்றையும் ஒரே வயரில் கோத்துக் கீழே வாட்ச்மேன் அறையிலுள்ள பேனலில் சேர்த்துவிட்டால், பேனல் ஓயாமல் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும். நாற்பத்தாறு? உள்ளேன் ஐயா. நாற்பத்தேழு? உள்ளேன் ஐயா. பெயின்ட் தூசி படாமலிருக்க ஒவ்வொன்றையும் மஞ்சள் பிளாஸ்டிக் மூடியால் மூடி வைப்போம். மூடியோடு இருந்தாலும் அது 'உள்ளேன்' என்றுதான் சொல்லும். புகைதான் உள்ளே போகாது. அதனால் கடைசி நாளில் ஒவ்வொரு மூடியையும் கழற்றி, டப்பாவிலிருந்து புகை அடித்து, மணி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விடுதியில் கூட்டித் துடைக்கும் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். நான்கு நாளும் எனக்கு ஏணி பிடித்தவர் அவர்தான். அவர் துடைத்து முடித்த தரையில்தான் நான் துளை போட்டுச் சிமெண்டுத் தூளைக் கொட்டுவேன். வேறு யாராவது என்றால் துடைப்பத்தைத் தூக்கியிருப்பார்கள். அவரோ, "போச்சாது உடு கண்ணு" என்று மறுபடியும் துடைப்பார். பரவாயில்லை, விடு என்று அர்த்தம். சிந்திய டீக்கும் சரி, செத்துப்போன மாட்டுக்கும் சரி, எங்கள் பக்கம் இந்த ஒரு சொல்தான்.

கடைசி நாள் நாற்பத்தாறோடு புகை டப்பா தீர்ந்துவிட்டது. மூன்றாவது மாடி மூலை அறை ஒன்றுதான் பாக்கி. மதியம் சாப்பிடவில்லை, பசி வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும்.

"மூலை ரூமுக்கு ஏணியத் தூக்கியாரட்டுங்களா கண்ணு?"

"வேண்டாங்கக்கா. அத பேனல்லயே பாத்துக்கறேன்."

பேனலில் பார்த்தேன். நாற்பத்தேழு 'உள்ளேன்' என்றது. ரிப்போர்ட்டில் அதற்கும் ஒரு டிக் போட்டேன். நாளை புது டப்பாவோடு வந்து முடிக்கலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். மறுநாள் வேறு ஊருக்கு அனுப்பினார்கள், போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த மூலை அறையில் ஒரு பெண் கட்டில்மேல் அயர்ன் பாக்ஸை அணைக்காமல் வைத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடியிருக்கிறாள். மெத்தை புகைந்தது. பக்கத்துக் கட்டிலில் ஷிப்ட் முடித்த இன்னொருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். புகை கதவிடுக்கு வழியாக வெளியே வந்து, வராந்தாவிலிருந்த நாற்பத்தாறு அதை முகர்ந்து கத்திய பிறகுதான் ஆட்கள் ஓடினார்கள். அந்தப் பெண் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள்.

என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். மேனேஜர் மேசையில் என் ரிப்போர்ட்டும், பக்கத்தில் கரி படிந்த மஞ்சள் மூடியும் இருந்தன. எதிரே அந்த அக்கா நின்றார். அறையைக் கழுவும்போது அவர்தான் மூடியைக் கழற்றி ஜன்னலில் வைத்திருக்கிறார். வார்டன் அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முந்தின மாதம் அக்கா ஒட்டடை அடிக்கையில் தூசி பட்டு மணி அடித்து, விடுதியே வாசலுக்கு ஓடி, அவர் நன்றாகத் திட்டு வாங்கியிருந்தார். அந்தப் பயத்தில் அவரே மூடியைப் போட்டிருப்பார் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"நான் மூடலீங்க. மூடியிருந்ததத்தானுங்க எடுத்தேன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்க டெஸ்ட் பண்றப்ப இது இல்லீங்கல்ல மேடம்?"

"ரிப்போர்ட்ல இருக்குதுங்க சார்" என்றேன்.

அது பொய் இல்லை. ரிப்போர்ட்டில் டிக் இருந்தது. இப்படி ஒரு பதிலை எங்கிருந்து பிடித்தேன் என்று இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அக்கா என்னைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் சொன்னார்: "அம்மணி மேல தப்பு இருக்காதுங்க. சோறு தண்ணியில்லாம வேல செஞ்சுதுங்க. மூலை ரூமக்கூட பேனல்லயே பாத்துச்சுங்க."

என்னைக் காட்டிக்கொடுக்க அந்த ஒரு வாக்கியம் போதும். அவருக்கு அது தெரியாது, மேனேஜருக்கும் புரியவில்லை. அறையில் அது புரிந்தவள் நான் ஒருத்திதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று இரண்டும் அந்த மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றன.

அன்றே ஏணி ஏறி நாற்பத்தேழுக்குப் புகை அடித்தேன். நன்றாகவே கத்தியது. பேனலின் நினைவில், எது எப்போது மணி அடித்தது என்ற பழைய பதிவுகளைத் தள்ளிப் பார்த்தேன். நான் டெஸ்ட் செய்த நாளில் ஒன்றிலிருந்து நாற்பத்தாறு வரை இருந்தது. நாற்பத்தேழு இல்லை. யாராவது பார்க்கக் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. நான் அதை அழிக்கவில்லை என்பதைக் கொஞ்ச நாள் நேர்மை என்று வேறு சொல்லிக்கொண்டேன். அக்காவை அந்த மாதத்தோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

போன வருடம் பெருந்துறை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஒளியலாமா என்று யோசிப்பதற்குள் அவரே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இளைத்திருந்தார். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாராம். "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டார். கோபி பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"ஏங்கண்ணு, அந்த மூடி நான் பாக்கறப்பவே இருந்துச்சுங்கல்ல? எல்லாரும் சொல்லிச் சொல்லி, நாந்தான் போட்டேனோன்னு எனக்கே சந்தேகமாப் போச்சு."

கண்டக்டர் விசில் ஊதினார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"ஞாபகம் இல்லீங்கக்கா" என்றேன்.

"போச்சாது உடு கண்ணு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஏறிக்கொண்டார்.