ஸுலு, ரஷ்யன், அக்கா

எனக்கு ஸுலு பேச வரும். எங்கள் ஊர் மண்டூரில் அதனால் சல்லிக்காசுக்குப் பிரயோசனமில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பாஷை அது. முதலாளியின் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழர்கள்; அவருக்கோ தமிழில் சாமிப் பாட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆணியும் பெயின்டும் விற்க வேண்டுமென்றால் நான் ஸுலு படித்தே தீர வேண்டியிருந்தது.

அக்காவின் மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, ரஷ்யன் வரும். ரஷ்யாவில் மருத்துவம் படித்துவிட்டு வந்து, இங்கே டொக்டராக வேலை பார்ப்பதற்கான பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். எனக்கு மத்தியானச் சோறு அக்கா வீட்டில்தான். ஆகவே தினமும் சண்டை.

“ரஷ்யன்ல சொல்லுக்கு வால் மாறும் மாமா, நம்மட தமிழ் மாதிரி,” என்பாள் மருமகள். “அதுதான் நமக்குச் சொந்தம்.”

ஸுலுவில் மாறுவது சொல்லின் தலை. ஆளுக்கு ஒரு தலை, மரத்துக்கு ஒரு தலை. முதற்சொல் தலையை மாற்றினால் வரிசையில் நிற்கும் மற்றச் சொற்களும் மாற்றிக்கொள்ளும். அந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். நாக்கை அண்ணத்தில் ஒட்டி இழுத்து ‘டொக்’ என்று எழுப்பும் ஓசைகளும் உண்டு. நான் செய்து காட்டினால், கோழியைக் கூப்பிடுகிறீர்களா என்று கேட்பாள். அப்போது கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும் அக்கா, “தலையையும் வாலையும் சண்டை பிடிக்காம இஞ்ச தாங்க, ஆணம் வைக்கிறன்,” என்பார்.

ஒருநாள் பேச்சு மரியாதையில் வந்து நின்றது.

“அங்க ஒராள மதிக்கிறதெண்டா அவர்ட பேரச் சொல்லி, அவர்ட அப்பாட பேரையும் சேத்துச் சொல்லணும்,” என்றாள் மருமகள். முதல் வருடம் அவள் நம் பழக்கத்தில் பேர் சொல்லாமல் பேராசிரியரிடம் பேசியிருக்கிறாள். அவர் முகம் சுருங்கிப்போனதாம். பிறகு, குடியிருந்த வீட்டுக்காரி இவளுடைய அப்பாவின் பேருக்கு ரஷ்ய வால் ஒன்றை ஒட்டி, இவள் பேரோடு சேர்த்துக் காலையும் மாலையும் கூப்பிட்டிருக்கிறாள்.

நான் விடவில்லை. எங்கள் கடையில் ஒரு ஸுலுப் பெண் வேலை செய்தாள். மாமனார் பேரை அவள் சொல்ல மாட்டாள். அந்தப் பேரில் தண்ணீர் என்ற சொல்லின் ஓசை இருந்ததால், தண்ணீரையும் அந்தச் சொல்லால் சொல்ல மாட்டாள். அதற்கென்று வேறொரு சொல் வைத்திருந்தாள். கடையிலிருந்த வெள்ளைக்காரக் கணக்காளர் இதைக் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அக்கா இருக்கிறார்.

அக்காவின் புருசன், என் மச்சானுக்கு மண்டூர்ச் சாமியின் பேர்களில் ஒன்று; அக்கா அதை வாயால் சொல்ல மாட்டார். அந்தக் கோயிலில் பூசகரே வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் சொல்லாமல்தான் பூசை செய்வார். அதனால் அக்காவுக்கு வசதி. திருவிழாவில் ஊரே பேர் சொல்லிக் கூவும்போது அக்கா ‘அரோகரா’வுக்கு மட்டும் வாய் திறப்பார். சாமி அவசரமாகத் தேவைப்பட்டால், “வள்ளிட புருசனே” என்பார்.

“அப்ப அம்மா ஸுலுக்காரிதான்,” என்று மருமகள் தோல்வியை ஒப்புக்கொண்டாள்.

சாய்மனைக் கதிரையில் கிடந்த மச்சான், “நான் செத்தாத்தான் இவ என்ட பேரச் சொல்லுவா,” என்றார்.

“சோறு ஆறுது, வாங்க,” என்றார் அக்கா.

அந்த மழைக்காலத்தில் மச்சானின் பித்தப்பையில் கல் என்றார்கள். ஒப்பரேஷனுக்காக மட்டக்களப்பு டவுனுக்குக் கொண்டுபோனோம். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாவியைக் கடக்கிற மிதவை. அதில் நிற்கும்போதுகூட மச்சான் பக்கத்தில் நின்றவனிடம் நெல் விலை விசாரித்துக்கொண்டுதான் வந்தார்.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அவர் கண் திறக்கவில்லை. மயக்கம் தெளிய வேண்டிய நேரம் தாண்டிப்போயிற்று. மருமகளின் முகம் வெளுத்திருந்தது. படித்தவளாயிற்றே, எங்களைவிட அவளுக்குப் பயப்படத் தெரியும். எங்களை உள்ளே விடாத தாதி கடைசியில் தானே வந்து கூப்பிட்டார்.

“பழகின குரலெண்டா சில நேரம் கேக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க.”

மகள் “அப்பா” என்றாள். நான் “மச்சான்” என்றேன். அக்கா குனிந்து, “இஞ்சப் பாருங்க,” என்றார். அந்த அறையில் வேறு மூன்று நோயாளிகளும் கிடந்தார்கள். பேரில்லாத எங்கள் கூப்பாடு அவர்களில் எவரையும் எழுப்பியிருக்கலாம்.

“பேர், பேரச் சொல்லுங்க,” என்றார் தாதி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் ஒருவர்கூட அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தாதியே சொல்லிப் பார்த்தார், அசையவில்லை. நானும் சொன்னேன். மகள், ரஷ்யாவில் அந்தப் பேரைத் தன் பேரோடு தினமும் கேட்டவள், வாயைத் திறந்தும் சொல்ல வராமல் அழுதாள்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வந்தது. சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் கத்தினேன். அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. முந்தானையை விலக்கி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மச்சானின் காதருகில் குனிந்து பேரைச் சொன்னார். சத்தமாக இல்லை. ஒருமுறை; பிறகு இன்னொரு முறை.

மச்சானின் இமை ஆடியது. கண்ணைத் திறந்து, அக்காவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நான் செத்திட்டனா?”

“வாயக் கழுவுங்க,” என்றார் அக்கா. மருமகள் சிரித்துக்கொண்டே அழுதாள். நான் வெளியே போய் விறாந்தையில் உட்கார்ந்தேன்.

மச்சான் இப்போது வட்டைக்குப் போய் வருகிறார். வயலில் ஆட்களோடு சண்டையும் பிடிக்கிறார். மருமகளும் நானும் பழையபடி தலைக்கும் வாலுக்கும் அடித்துக்கொள்கிறோம். மயக்கம் தெளிந்த அந்த நேரம் மச்சானுக்குத் துளியும் ஞாபகமில்லை. மகள் சொன்னதை அவர் நம்பவில்லை. அக்காவைக் கேட்டால், “மிஸ்ஸிதான் கூப்பிட்டா,” என்று தாதியின் தலையில் போடுவதோடு சரி.

போன கிழமை, அக்கா கடைக்குப் போயிருந்தபோது, மச்சான் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

“மச்சான், மெய்யாவே அவ சொன்னவவா?”

“ஓம்.”

மச்சான் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“எப்பிடிச் சொன்னா? ஒருக்காச் சொல்லிக் காட்டு.”

சொல்லிக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். என் வாயில் அது சாமியின் பேராகத்தான் வந்தது.