கர்ணன் வீட்டு நிலவறையில் முளைப்பாரி

வீரபாண்டிக்குக் கிழக்கே, தன் வயலை ஒட்டி வீடு கட்டியிருந்தார் கர்ணன். அந்தப் பெயரை வைத்தவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது ஊரின் அபிப்பிராயம். ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். சாப்பாட்டுக்கும் விதைக்கும் போக மீதி நெல்லைச் சர்க்காருக்கு அளந்துவிட வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். கர்ணன் அதைக் கடைசிவரை மரியாதையாக நின்று கேட்டார். பிறகு வீட்டுக்குள் போய் மண்வெட்டியை எடுத்தார்.

உள்ளறைத் தரைக்கு அடியில் ஒரு நிலவறை. கொத்தனாரை வைக்கவில்லை, கொத்தனாருக்கு வாய் இருக்கிறது. கர்ணனும் அவர் மனைவி சோணையம்மாளுமே தோண்டி, செங்கல்லைச் சேற்றில் வைத்துக் கட்டி, சாணி மெழுகினார்கள். மூட்டைகளை இறக்கிப் பலகையால் மூடினார்கள். மகள் ராஜாத்திக்குத் தை மாதம் கல்யாணம். பந்தியும் சீரும் அந்த மூட்டைகளுக்குள்தான் இருந்தன.

ஆடி பிறந்ததும் நிலவறைச் சுவர் வியர்த்தது.

கர்ணன் முதலில் கூரையைச் சந்தேகப்பட்டார். மழைத்தண்ணீர் சுவரோரமே விழுந்து அங்கேயே இறங்குகிறது என்று, தகரத்தை மடித்து வைத்துத் தெருப்பக்கம் திருப்பினார். மழை நின்றது, கசிவு நிற்கவில்லை. அடுத்து, சுவரை ஒட்டிக் கிடந்த குளிக்கிற கல்லைப் பெயர்த்து வேலியோரம் போட்டார்.

“ஊருக்கே காட்சி குடுத்துக்கிட்டு நான் குளிக்கணுமாக்கும்” என்றாள் சோணையம்மாள்.

மூன்றாவதாக, சுவரும் தரையும் சேர்கிற மூலையில் விரிசல் தெரிந்தது. களிமண்ணை அப்பினார். தண்ணீர் ஒரு சாண் தள்ளி வேறு வாசல் வைத்துக்கொண்டது.

கடைசியில் கொத்தனார் சின்னக்கருப்பிடம் போனார்.

“ராயப்பன்பட்டியில நமக்கு வேண்டியவுக ஒருத்தர் வீட்டுல, தரைக்குக் கீழ ஒரு அறை. தண்ணி கசியுதாம்.”

“சுண்ணாம்புக் காரை பூசுனாகளாண்ணே?”

“சேறுதேன்.”

“எந்தக் கொத்தன்?”

“அவுகளேதேன்.”

“அதானே பாத்தேன். பக்கத்துல வயலு இருக்கா? யாரு வயலு?”

“அதுவும் அவுகளதுதேன்.”

“அப்ப வயலுக்குத் தண்ணி கட்டுறத நிப்பாட்டச் சொல்லுங்க. வயலு நெறஞ்சா ஊறல் அந்தப் பள்ளத்துக்குத்தேன் வரும். வேணும்னா நான் வந்து பாக்குறேன். ராயப்பன்பட்டி என்ன, ஒங்க வீட்டுக்குப் பின்னாலதானே இருக்கு.”

கர்ணன் வீடு வந்தார். மடையைத் திறந்தால் கீழே போன வருஷத்து நெல் ஊறும். அடைத்தால் மேலே இந்த வருஷத்துப் பயிர் காயும். மூட்டைகளை மேலே ஏற்றலாம் என்றால், ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கம்பியும் கையுமாக வீடு வீடாகக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பயிர் காய்ந்தால் ஊர் ஏனென்று கேட்கும், நெல் ஊறுவது யார் கண்ணிலும் படாது. மடை திறந்தபடியே கிடந்தது.

அந்த வாரம் மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டு மொக்கம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

“என்ன மதினி, முளைவாடை அடிக்குது?”

சோணையம்மாள் இமைக்கவில்லை. “காளியம்மன் பொங்கலுக்கு முளைப்பாரி போட்டுருக்கேன். ராஜாத்தி கல்யாணத்துக்கு நேந்துக்கிட்டது.”

வாடைக்கு அதைவிட நல்ல காரணம் கிடைக்காதுதான். ஆனால் முளைப்பாரி வளர்கிற அறை என்று ஆகிவிட்ட உள்ளறைக்குள் விரதம் இருக்கிறவளைத் தவிர யாரும் போகக் கூடாது; ஆம்பளை நிழல்கூடப் படக் கூடாது. பொழுது சாய்ந்தால் ஊர்ப் பெண்கள் கும்மி கொட்ட வந்துவிட்டார்கள். பகலில் இரண்டு பேர் காவல்.

“எங்கண்ணே போறீக அங்கன?”

“சும்மா, சட்டையை எடுக்க.”

“சட்டையில்லாமத்தேன் இருங்களேன். யாரு பாக்கப் போறா ஒங்கள?”

கர்ணன் தன் வீட்டு வாசலிலேயே விருந்தாளியாக உட்கார்ந்தார். சோணையம்மாள் உள்ளே போகலாம். ஒற்றையாளாக மூட்டை தூக்க முடியாது.

இன்ஸ்பெக்டரும் வந்தார். “உள்ள ஆத்தா இருக்கா சாமி” என்றாள் மொக்கம்மாள். அவர் செருப்பைக் கழற்றி, கம்பியைக் கக்கத்தில் இடுக்கி, கும்பிட்டுவிட்டுப் போனார். கர்ணனும் கும்பிட்டார். அந்தக் கம்பி உள்ளே போயிருந்தால் சர்க்கார் விலையாவது கிடைத்திருக்கும் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

காளியம்மன் பொங்கலன்று பாரி எடுக்கப் பெண்கள் உள்ளே புகுந்தார்கள். “பாரி எங்கன மதினி?”

சோணையம்மாள் பலகையைத் தூக்கினாள். சாக்குகளைக் கிழித்துக்கொண்டு, இருட்டில் வெளுத்து, தலைமுடிபோல அடர்ந்து நின்றது முளை. மொக்கம்மாள் குலவையிட்டாள். இத்தனை நெல் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. குலவையிடும் வாயால் கேள்வி கேட்க முடியாது.

சட்டியிலும் கூடையிலுமாக அள்ளிச் சுமந்து போய் முல்லை ஆற்றில் கரைத்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒதுங்கி வழிவிட்டார்.

“பேருக்குத் தக்கன குடுத்துட்டாருப்பா” என்றது கரையில் ஒரு குரல்.

கர்ணன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தைக் கல்யாணத்துக்கு இனி வயலில் நிற்பதுதான் மிச்சம். அதை அறுத்தால் இதே இன்ஸ்பெக்டர் இதே கம்பியோடு வருவார். பக்கத்தில் நின்ற சின்னக்கருப்பின் பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

“சுண்ணாம்புக் காரை பூசுனா, தண்ணி அறவே வராதா?”

“யாருக்குண்ணே?”

“ராயப்பன்பட்டிக்குத்தேன்.”