தியேட்டருக்குள் மூன்று பேர்

அலுவிகாரையில் மிளகும் கிராம்பும் வாங்கி விற்கும் குடும்பத்தில் பிறந்தவர் றுஸைனா. படித்து சத்திரசிகிச்சை நிபுணராகி, ஊருக்குக் கிட்டவே ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது, சொந்தக்காரர்கள் அவரை 'வயிறு வெட்டுற டொக்டர்' என்றே அறிமுகப்படுத்தினார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. கொழும்பில் இருந்தால் வசதி கூடுதல்தான். ஆனால் ரத்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை யார் பார்ப்பது என்று கேட்பார்.

2021 தை மாதம். கொரோனா தடுப்பூசி இன்னும் நாட்டுக்கு வந்திருக்கவில்லை. ரிவர்ஸ்டன் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து லொறி ஓட்டும் சதீஸ்குமாரைக் கொண்டுவந்தார்கள். பல வருசமாக இருந்த குடலிறக்கத்தில் அன்று காலை குடல் சிக்கிக்கொண்டது. தொட்டாலே அலறினார்.

சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கு ஆயத்தம் செய்யச் சொல்லிவிட்டு றுஸைனா திரும்பியபோது, சதீஸ்குமாரின் மனைவி விஜிதா வழியை மறித்து நின்றாள்.

"டொக்டர், ஒரு விசயத்த மறைச்சிட்டோங்க. அவருக்கு இருமல் இருக்குங்க. சொன்னா புள்ளைங்களையும் சேத்துத் தனிமைப்படுத்துற கேம்புல கொண்டு போயி வெச்சிருவாங்கன்னு பயந்துட்டோம். ஆனா உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அந்தப் பாவம் எங்களச் சும்மா விடாதுங்க."

பரிசோதித்தார்கள். தொற்று உறுதியானது. கொரோனா நோயாளர்களுக்கென ஒதுக்கிய பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டபோது, சாயங்காலம்தான் கட்டில் கிடைக்கும் என்றார்கள்.

"அதுவரைக்கும் அந்தக் குடல் தாங்காது. நாங்களே செய்வோம்," என்றார் றுஸைனா. பிறகு கூடியிருந்தவர்களைப் பார்த்தார். "வயசானவங்க, சீனி வருத்தம் உள்ளவங்க, வீட்டுல கைக்குழந்தை இருக்கிறவங்க யாரும் உள்ள வர வேணாம். மூணு பேர் போதும்."

மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் மகேஸ்வரனும் ஒரு தாதியும் முன்வந்தார்கள்.

உடை மாற்றுவதற்கு முன் றுஸைனா தன் கணவர் ஸக்கரியாவுக்கு அழைத்து விசயத்தைச் சொன்னார்.

"ஒங்களுக்கு ஒண்டு ஆகிட்டா ஜனாஸாவ அடக்கக்கூட விட மாட்டாங்களே, றுஸைனா," என்றார் ஸக்கரியா.

அந்த நாட்களில் கொரோனாவில் இறந்த எல்லோரையும், அடக்கம் செய்யும் முஸ்லிம்களையும் சேர்த்து, அரசு உத்தரவுப்படி எரித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அப்படி இறந்தவர்களின் முஸ்லிம் குடும்பங்கள் அழுததை றுஸைனா நேரில் பார்த்திருக்கிறார்.

"துஆ செய்யுங்க," என்று மட்டும் சொன்னார்.

தொண்டைக்குள் குழாய் செலுத்தும்போதுதான் நோயாளியின் மூச்சுக்காற்று அதிகம் வெளியே தெறிக்கும். அதனால் மகேஸ்வரன் அந்த வேலையை முடித்து, காற்று தெளியும் வரை மற்ற இருவரும் வெளியே நின்றார்கள். உள்ளே போனதும் பாதுகாப்புக் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. துடைக்க முடியாது. வெட்டுப்பட்ட ரத்தக் குழாய்களை மின்சாரத்தால் சுட்டு அடைப்பதுதான் வழக்கம். அப்படிச் சுடும்போது எழும் புகையில் வைரஸ் இருக்குமா என்று அன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனவே றுஸைனா ஒவ்வொரு குழாயையும் நூலால் கட்டினார். அதற்கு நேரம் பிடித்தது.

குடல் கறுத்திருந்தது. வெந்நீர்த் துணியால் சுற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். மெல்ல மெல்ல நிறம் திரும்பியது, ஒரு சிறு துண்டு மட்டும் திரும்பவில்லை. அதை வெட்டி எடுத்து இரு முனைகளையும் பொருத்த வேண்டும்.

"டொக்டர், உள்ள நிக்க நிக்க எங்களுக்குத்தான் ஆபத்து. கொஞ்சம் கெதியா முடிக்கலாமா?" என்றார் மகேஸ்வரன்.

"அவசரத்துல தச்சா பிரிஞ்சிரும். பிரிஞ்சா இந்த மனுசன் தப்ப மாட்டார்," என்ற றுஸைனா, ஒரு தையலையும் விடாமல் போட்டு முடித்தார். மயக்கம் தெளிந்து குழாயை எடுத்தபோது சதீஸ்குமார் இருமிக்கொண்டே புரண்டார். தையல் அறுந்துவிடாமல் அவருடைய வயிற்றை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தபடி, முகத்துக்கு நேரே நின்றார் றுஸைனா.

அடுத்த வாரம் றுஸைனாவுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு மூச்சு முட்டியது. ஒக்சிஜனோடு குப்புறப் படுத்திருந்த நாட்களில், குர்ஆனில் யாஸீன் ஓதியதைவிட அழுததுதான் அதிகம் என்று பின்னொரு நாள் தங்கையிடம் சொன்னார். மகேஸ்வரனுக்கும் தாதிக்கும் தொற்றவில்லை என்று கேள்விப்பட்ட அன்றுதான் முதன்முதலாகக் கஞ்சி கேட்டுக் குடித்தார்.

பிழைத்து எழுந்து வேலைக்குத் திரும்பியபோது, படியேறினால் நெஞ்சு அடைத்தது. கிளினிக் வாசலில் விஜிதா நின்றிருந்தாள். பக்கத்தில் சதீஸ்குமார், மெலிந்து, ஆனால் சொந்தக் காலில்.

"எங்களாலதானுங்க உங்களுக்கு இப்பிடி ஆச்சு," என்று விஜிதா தேம்பினாள்.

"ஊரெல்லாம் கொரோனா. யாருகிட்ட இருந்து வந்திச்சுன்னு யாருக்குத் தெரியும்? நீங்க உண்மையச் சொன்னதாலதான் மத்த ஆள்களை வெளியில நிறுத்தினேன். அதுல ஒரு வயசான தாதி இன்னைக்கு நல்லா இருக்கிறார். அது ஒங்களாலதான்."

சதீஸ்குமாரை உள்ளே அழைத்துப் படுக்கவைத்து, தழும்பைத் தடவிப் பார்த்தார். தையல் தாங்குகிறதா என்று பார்க்க இருமச் சொன்னார். சதீஸ்குமார் தயங்கி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு இருமினார்.

"நல்லா ஒட்டியிருக்கு," என்றார் றுஸைனா. "சித்திரைக்குப் பிறகு லொறி ஓட்டலாம்."