ஒன்பது குழிக் கரண்டி

மங்கோலியர்களைப் பற்றிப் பதினோரு வருஷம் பாடம் நடத்தியவள் நான். திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்று டீச்சர். 'மங்கோலியர் படையெடுப்பின் விளைவுகள் யாவை?' ஐந்து மதிப்பெண். குதிரையில் வந்தார்கள், கொளுத்தினார்கள், கொள்ளையடித்தார்கள், போனார்கள். இந்த நாலையும் வரிசையாக எழுதினால் முழு மார்க் போட்டுவிடுவேன். அவர்களுக்கும் வீடு வாசல், அடுப்பு, பால் பாத்திரம் எல்லாம் இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆக்லாந்துக்கு வந்து, ஏவன்டேலில் நானும் என் கணவரும் வாடகைக்கு இருக்கும் யூனிட்டுக்குப் பக்கத்தில் ஒரு மங்கோலியப் பெண் குடிவந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அதுவும் லேசில் வரவில்லை.

அவளுக்கு முப்பது வயது இருக்கும். மவுண்ட் வெல்லிங்டனில் இறைச்சி பேக் பண்ணும் குளிர்கிடங்கில் வேலை. எனக்கு அங்கேயே ஷாப்பிங் சென்டரில், துணிக்கடையில். காலையில் என் காரில்தான் இரண்டு பேரும் போவோம். நான் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குவேன். அவள் அரைக்கைச் சட்டையோடு வந்து உட்காருவாள். "இதெல்லாம் ஒரு குளிரா அக்கா? எங்க ஊர்ல மைனஸ் நாற்பது போகும்" என்பாள். அக்கா என்ற சொல் ஒன்றுதான் நான் சொல்லிக்கொடுத்தது. மற்றதெல்லாம் இருவருடைய ஓட்டை இங்கிலீஷ். என் காதில் அது தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.

டீச்சர் புத்தி விடுமா? வண்டியை எடுத்ததுமே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவேன். அவளும் சளைக்காமல் சொல்வாள். கடலே இல்லாத நாடு. வடக்கே ரஷ்யா, தெற்கே சீனா, வேறு அண்டை வீடே கிடையாது. தெற்குப் பக்கம் கோபி பாலைவனம். ஒரு காலத்தில் அதன் குறுக்கே ஒட்டகங்கள் வரிசை வரிசையாகச் சீனத்துத் தேயிலையைச் சுமந்துகொண்டு ரஷ்யாவுக்குப் போகும். செங்கல் மாதிரி அழுத்திய தேயிலைக் கட்டியைக் கொடுத்து ஆடு வாங்கலாமாம். இப்போது ஒட்டகத்துக்குப் பதில் லாரி. நிலக்கரி சீன எல்லைக்குப் போகிறது. அவளுடைய அப்பா அப்படி ஒரு நிலக்கரி லாரி ஓட்டியவர்.

ஒரு நாள் நானும் என் பங்குக்குப் பெருமையடித்தேன். மங்கோலியப் பேரரசர் சீனத்தை ஆண்ட காலத்தில், அங்கே ஒரு துறைமுக ஊரில் நம் வியாபாரிகள் சிவன் கோயில் எழுப்பினார்கள். அந்தப் பேரரசரின் உடம்பு நன்றாயிருக்க வேண்டும் என்று தமிழிலேயே கல்லில் வெட்டியும் வைத்தார்கள்.

அவள் வாயைப் பிளந்தாள். "எங்க ராஜா உடம்புக்கு உங்க ஆளுங்க வேண்டிக்கிட்டாங்களா?"

"பின்னே? வியாபாரம் நடக்கணும்னா ராஜா உசுரோட இருக்கணுமே."

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளுடைய அம்மாவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்; அப்பாவின் லாரி கிளம்பும்போது அம்மா என்னவோ செய்வாள் என்று. மோட்டார்வேயில் நுழைகிற நேரம். எவனோ குறுக்கே புகுந்தான். அவனைத் திட்டுகிற மும்முரத்தில் நான் பாதிகூடக் கவனிக்கவில்லை. ராஜா, சண்டை, வியாபாரம் என்றால் காதைத் தீட்டிக்கொள்கிறவள், ஒரு லாரி டிரைவர் பெண்டாட்டியின் கதையைக் கோட்டைவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் என் கணவருக்கு நெஞ்சு வலி வந்தது. மூன்று அடைப்பு, பைபாஸ் பண்ண வேண்டும் என்றார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த ஊரில் எனக்கு அவர், அவருக்கு நான். அவ்வளவுதான் குடும்பம்.

ஆபரேஷன் அன்று காலை அவரைக் காரில் உட்கார வைத்து, வண்டியைத் தெருவுக்குத் திருப்பினேன். கண்ணாடியில் பார்த்தால், அவள் வாசலில் நிற்கிறாள். ஒரு கையில் பால் கிண்ணம். மறு கையில், முகப்பில் ஒன்பது சின்னக் குழி வெட்டிய நீள மரக்கரண்டி. எங்கள் வண்டி போன தடத்தின் மேல் பாலை எடுத்தெடுத்துத் தெளிக்கிறாள்.

எங்கள் பக்கம் ஆளை எரித்த மறுநாள் சுடுகாட்டில், சாம்பல் மேல்தான் பால் தெளிப்பார்கள். அப்பாவுக்குத் தெளித்துவிட்டு வந்த என் அண்ணனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வண்டியை அப்படியே நிறுத்தி இறங்கினேன். "அடிப்பாவி! உசுரோட இருக்கிற மனுஷனுக்குப் பால் தெளிக்கிறியா?" தமிழில்தான் கத்தினேன். கரண்டியைப் பிடுங்கி வேலியோரச் செடிக்குள் வீசினேன். சொன்னது ஒன்றும் அவளுக்குப் புரிந்திருக்காது. என் முகம் புரிந்துவிட்டது. கிண்ணத்தோடு அப்படியே நின்றாள்.

காரில் அவர் மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, அந்தப் பொண்ணு நமக்குக் கெட்டது நினைக்குமா? வீட்டுக்குப் போனதும் ஸாரி சொல்லிடு."

"முதல்ல நீங்க முழுசா திரும்பி வாங்க. அப்புறம் சொல்றேன்."

"வராம எங்க போகப்போறேன்? நீ விட்டுடுவியா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோன பிறகு ஐந்து மணி நேரம் காத்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதானே எல்லாம் ஞாபகம் வரும்? அன்று மோட்டார்வேயில் அரைகுறையாக விழுந்தது ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டது. அப்பாவின் லாரி கிளம்பினால் அம்மா பின்னாலேயே பால் தெளிப்பாள். போகிற வழி பால் மாதிரி வெள்ளையாக இருக்க வேண்டும், போன ஆள் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று. அதைத்தான் சொல்லியிருக்கிறாள். நான் எவனையோ திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. பதினோரு வருஷம் என்ன பாடம் நடத்திக் கிழித்தேன்?

ஆபரேஷன் முடிந்தது, ஆனால் மயக்கத்திலேயே வைத்திருக்கிறோம், நாளை கண் விழித்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முதல் வேலையாகச் செடிக்குள் கைவிட்டுத் துழாவினேன். கரண்டி கிடைத்தது. ஓரத்தில் லேசாகச் சில்லு பெயர்ந்திருந்தது. கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு அவள் கதவு வரைக்கும் இரண்டு தரம் போனேன். தட்டத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை தெருமுனை டெய்ரியில் பால் வாங்கிக்கொண்டு போய்த் தட்டினேன். கதவைத் திறந்ததும், "அவர் எப்படி இருக்கார்?" என்றாள். முந்தின நாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். சுடுகாடு, சாம்பல், அண்ணன் முகம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ அக்கா, எனக்குத் தெரியாதே, மன்னிச்சிடுங்க."

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கறே? ஸாரிடி. நான்தான் மடச்சி." கரண்டியை நீட்டினேன். "அவர் இன்னும் கண்ணு முழிக்கலை. நேத்து நான் கெடுத்துட்டேன். இன்னொரு தரம் தெளிச்சு விடு."

பெயர்ந்த ஓரத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். "எதுவும் கெடலை அக்கா. நீங்க ஓடி வர்றதுக்குள்ள தெளிச்சு முடிச்சிட்டேன். எங்க ராஜாவுக்கு நீங்க வேண்டிக்கிட்டீங்க இல்லே? உங்க வீட்டுக்காரருக்கு நேத்தே ஆச்சு. இது உங்களுக்கு."

எனக்கா? எனக்கும் ஒன்று வேண்டும் என்று எனக்கே தோன்றியிருக்கவில்லை. வண்டியில் ஏறினேன். கண்ணாடியில் அவள் கை உயர்ந்து உயர்ந்து இறங்கியது. "போயிட்டு வரேன்" என்று ஆளில்லாத காருக்குள் வாய்விட்டுச் சொன்னேன். சிக்னல் வரைக்கும் அழுதுகொண்டே ஓட்டினேன்.

மத்தியானம் அவர் வாய்க்குள் விட்டிருந்த குழாயை எடுத்தார்கள். கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். தொண்டை கட்டியிருந்தது. வாயருகே காதைக் கொண்டுபோனேன்.

"ஸாரி சொன்னியா?"

"சொல்லிட்டேன்," என்றேன். "நீங்க வர்றவரைக்கும் என்னால பொறுக்க முடியலை."