தரைக்கு இறங்கிய கியர்

1963, ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. என் நாட்குறிப்பில் அன்றைக்கு இரண்டே வரி: "வண்டித் தரையில் ஓட்டை வெட்டியாயிற்று. அண்ணிக்கு இன்னும் வலி இல்லை."

அண்ணன் ஆம்பூர் ஸ்டேஷனில் வாடகைக் கார் ஓட்டினார். பழைய இங்கிலீஷ் வண்டி. கியர் தண்டு ஸ்டியரிங்கை ஒட்டிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கம்பிகள் தேய்ந்துபோய், இரண்டு கியருக்கு நடுவே சிக்கிக்கொள்ளும். அண்ணன் இறங்கி, பானெட்டைத் திறந்து, கையால் தட்டி விடுவிப்பார். அண்ணியின் முதல் குழந்தை தங்கவில்லை. இந்த முறை வலி கண்டதும் வேலூருக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். நடுவழியில் கியர் சிக்கினால் என்ன செய்வது? அந்தப் பயத்தில்தான் கியர் தண்டைத் தரைக்கு மாற்ற வண்டியைக் கொடுத்தார். ரெண்டே நாள் என்ற மெக்கானிக், வாரம் கடந்தும் வண்டிக்கு அடியிலேயே படுத்திருந்தார்.

"இன்னா பாய், இன்னிக்காவது முடியுமா?"

"பேஜார் பண்ணாதப்பா. கொஞ்சம் மெதுவா வரச் சொல்லி கொழந்தைகிட்ட பேசிட்டேன்."

அண்ணன் சிரிக்கவில்லை.

வேலை முடிந்ததும் வேறொரு கவலை. தண்டைச் சுற்றியிருந்த ஓட்டை வழியாகச் சூடும் எண்ணெய்ப் புகையும் மேலே வந்தன. பிள்ளைத்தாய்ச்சி அதில் எப்படி உட்காருவாள்? ரப்பர் உறை மெட்ராஸிலிருந்து வர வேண்டும். தோல் பதனிட்டுச் செருப்பு செய்யும் எங்கள் ஊரில் எந்த ஓட்டையானாலும் முதலில் நினைவுக்கு வருவது தோல்தான். ஒரு துண்டு வாங்கி, ஷூவுக்கு அச்சில் இழுப்பதுபோல் நனைத்து, தண்டைச் சுற்றி இறுக்கி, தரையோடு முடுக்கினார்கள். ஈரத்தோல் அழகாகப் படிந்தது. கியரும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு விழுந்தது.

மறுநாள் காலையிலேயே வலி வந்துவிட்டது. அண்ணி பின்னால் படுத்துக்கொண்டார், நான் முன்னால் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணனின் கை பழக்கத்தில் ஸ்டியரிங் பக்கம் போய், ஒன்றும் அகப்படாமல் கீழே இறங்கும். மாதனூர் தாண்டியதும் டாப் கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தது. மறுபடி போட்டார். மறுபடி துள்ளியது. எஞ்சின் சூட்டில் தோல் காய்ந்து, மத்தளம்போல் விறைத்து, தண்டை இழுத்துக்கொண்டிருந்தது.

"டேய், புடிச்சுக்கோடா! விட்டுடாதே!"

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை எரிந்தது. பின்னாலிருந்து முனகல் நின்று, அண்ணியின் குரல் வந்தது.

"ஊரே செருப்பு செய்யறது போதாதுன்னு, வண்டிக்கும் ஒண்ணு மாட்டிட்டீங்களா? அறுத்துப் போடுங்க அதை!"

"பொக வருமே..."

"என்னங்க, எனக்கு நேரம் இல்லங்க."

 பள்ளிகொண்டாவில் அண்ணன் வண்டியை நிறுத்தி, இளநீர்க் கடை அரிவாளைப் பிடுங்காத குறையாக வாங்கி, தோலைக் குறுக்கே கிழித்தார். டாப் கியர் விழுந்து, துள்ளாமல் நின்றது. புகை குபுகுபுவென்று வந்தது. அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். வேலூர் வரை அண்ணன் வண்டியை எங்கும் நிறுத்தவில்லை.

பெண் குழந்தை. அழுதது.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தங்கியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னதாக அண்ணன் இன்றும் சொல்கிறார். நான் வராந்தாவில் இருந்தேன், என் காதில் விழவில்லை. அண்ணி மயக்கத்தில் இருந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படி எதுவும் எழுதவில்லை. அது உண்மையா என்று இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.